கம்பளி மூட்டைகளும் தண்ணீர்ப் பெட்டிகளும்

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி கம்பளி நூற்கிறாள் என்று கேட்டுச் சிரிக்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. சிரிக்கட்டும். வருஷம் முழுக்க முதுகு வியர்க்கிற ஊர் இது. இங்கே கம்பளிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. என் கணவரும் முதலில் அதையேதான் கேட்டார். "இங்க யாருக்குலா குளிருது? கொடிமலை மேல போனாகூட வேர்க்குது." நான் பாட்டுக்கு நூலை இழுத்துக்கொண்டிருந்தேன்.

பாயான் பாரு பக்கம் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் முன்பு எனக்கு வேலை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று நாளெல்லாம் பார்க்க வேண்டும். அந்தப் பிரிவை வேறு நாட்டுக்கு மாற்றியபோது எங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சமைத்து முடித்தால் வேலை தீர்ந்துவிடும். விரல்கள் மட்டும் எதையாவது தேடிக்கொண்டே இருந்தன. ஒருநாள் கைப்பேசியில், யாரோ ஒரு பெண் தக்ளியைச் சுழலவிட்டு ஆட்டு ரோமத்தை நூலாக இழுப்பதைப் பார்த்தேன். இரண்டாம் தடவை பார்க்கும்போதே என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாக உரசிக்கொண்டிருந்தன. தக்ளி ஒன்று வரவழைத்தேன். பிறகு, ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரம்மா விற்ற கால்மிதி ராட்டையை வாங்கினேன்.

அதோடு நின்றிருந்தால் வீட்டில் இடம் இருந்திருக்கும். ரோமம் வாங்க ஆரம்பித்தேன். நியூசிலாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பார்சல் பார்சலாக வந்தது. கத்தரித்தபடியே, பிசுக்கும் புல்லும் காய்ந்த புழுக்கையுமாக வரும். வாளியில் ஊறவைத்து அலசி, வீட்டுக்கு வெளியே நடைபாதையில் வலை கட்டிக் காயப்போடுவேன். மழை நாளில் மாடி முழுக்க ஆட்டு வாடை அடிக்கும். லிஃப்டில் எல்லாரும் என்னைப் பார்த்து மூக்கைத் தேய்ப்பார்கள். ஒரு மூட்டையை நூற்று முடிப்பதற்குள் இன்னும் சில மூட்டைகள் வந்து சேர்ந்துவிடும். நூற்பது ஓர் ஆசை, சேர்ப்பது வேறு ஆசை. இரண்டும் என்னிடம் இருந்தன. நூலை யாருக்கு விற்றேன், எதைப் பின்னினேன் என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் சிட்டமாகச் சுற்றித் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் வீடு சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடியில். படுக்கையறை ஒரு பக்கம், சின்ன அறை எதிர்ப்பக்கம், நடுவே கூடம். சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும். சின்ன அறை முழுக்க ரோமம். கனத்த பிளாஸ்டிக் பைகளில் கரித்துண்டு போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, கூரைவரை அடுக்கியிருந்தேன். இந்த ஊர் ஈரத்தில் கொஞ்சம் அசந்தால் பூஞ்சை வந்துவிடும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. தீபாவளிக்கு வந்த நாத்தனார் அந்த அறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "புள்ள இருக்க வேண்டிய ரூம்ல ஆட்டு முடி," என்றார். அவருக்கு அப்போதுதான் கலக்கிய தேநீரை நான் எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினேன். கணவர் எனக்காகத் தன் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் என்னைக் காடியில், அதாவது காரில், ஏற்றிக்கொண்டு முதன்முதலாக வீடு பார்க்கப் போனார்.

அவர் புக்கிட் தெங்காவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். பாலம் தாண்டித் தினமும் போகிற அந்தப் பக்கத்தில் வரிசை வரிசையாகத் தரை வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் மாதிரி வீட்டைச் சுற்றிப் பார்ப்போம். அவர் பின்பக்க அறைக்குள் நுழைந்து காலால் அளந்து, "இது உன் ஆட்டுக்கு," என்பார். விற்பனைப் பெண் எங்களை ஒரு மாதிரி பார்ப்பாள். அந்த அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம், ரோமத்தை உலர்த்த வெயில் வருமா என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். என்னிடம் இருந்ததிலேயே நல்லது, கருப்பட்டி நிறத்தில் நீளநீளமான சுருளோடு இருந்த ரோமம். அதைப் புது வீட்டில்தான் நூற்பேன் என்று தனியாக வைத்திருந்தேன். நல்லது எல்லாவற்றையும் அந்த வீட்டுக்கென்றே தள்ளி வைத்தேன்.

பிறகு அவருக்குக் கால் வீங்கியது. சர்க்கரை பல வருஷமாக இருந்ததுதான். அது சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது என்றார்கள். வங்கியில் மருத்துவத் தாளைப் பார்த்ததும் வீட்டுப் பேச்சு முடிந்தது. டயாலிசிஸுக்காகக் கையில் நரம்பை இணைத்துப் பார்த்தார்கள், எடுபடவில்லை. மறு கையிலும் எடுபடவில்லை. இதயமும் பலவீனம். கடைசியில் வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்தார்கள். மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட வேண்டும், சில மணி நேரம் கழித்து வெளியே எடுக்க வேண்டும், மறுபடி புதிதாக விட வேண்டும். நாளுக்கு நான்கு தடவை, வீட்டிலேயே. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. குழாய் வழியாகக் கிருமி போனால் குழாயை எடுக்க வேண்டிவரும், எடுத்துவிட்டால் இவருக்கு வேறு வழி இல்லை என்றார். அன்றிலிருந்து அந்தக் குழாய்தான் எங்கள் வீட்டில் முதல் ஆள்.

வீடு தோதாக இருக்கிறதா என்று பார்க்க டயாலிசிஸ் நர்ஸ் வந்தார். தமிழ்ப் பெண், என்னைவிட மிகவும் இளையவர். கதவு இருக்கிற, தூசி இல்லாத, கை கழுவும் இடத்துக்குப் பக்கமான அறை வேண்டும் என்றார். அப்படி இருந்தது சின்ன அறைதான். கதவைத் திறந்துவிட்டு நின்றேன்.

"இது என்னாக்கா?"

"கம்பளி."

"இவ்ளோவா? கடை வச்சிருக்கீங்களா?"

"இல்ல, சும்மாதான்."

அவர் ஒரு பையை விரலால் அழுத்திப் பார்த்தார். "இந்த ரூம்ல ஒரு முடிகூட இருக்கக் கூடாதுக்கா. திரைச்சீலை வேண்டாம், பாய் வேண்டாம். செய்யும்போது காத்தாடியும் போடக் கூடாது. வீட்ல வேற எடத்துல இருந்தா பரவால்ல. ஆனா தொட்டுட்டு அப்படியே உள்ள வந்துடாதீங்க. நல்லா கழுவிட்டு, உடுப்ப மாத்திட்டு வாங்க."

அவர் போன பிறகு, எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்றேன். கணவர் கோபப்பட்டார். "ஒடம்பு கெட்டது எனக்கு. அது என்னா பண்ணுச்சு? இருக்கட்டும் லா."

ஆக ரோமம் கூடத்துக்கு வந்தது. வெளிச்சுவர் மழைக்கு ஊறும் என்பதால் சுவரை ஒட்டி வைக்க முடியாது. மரப்பலகை போட்டு, கூடத்தின் நடுவில் படுக்கையறை வாசலிலிருந்து சின்ன அறை வாசல்வரை இடுப்புயரத்துக்கு வரிசையாக அடுக்கினேன். அடுத்த வாரம் மருந்துத் தண்ணீர்ப் பெட்டிகள் வந்தன. மாதத்துக்கு ஒரு தடவை வரும். இரண்டு பேர் தள்ளுவண்டியில் கொண்டுவந்து தொலைக்காட்சி இருந்த சுவரை ஒட்டிக் கழுத்தளவுக்கு அடுக்கிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு கூடத்தில் நேராக நடக்க முடியாது, பக்கவாட்டில்தான் நகரலாம். சாப்பாட்டு மேசையை நடைபாதைக்குத் தள்ளினேன். நாற்காலி ஒன்று மட்டும் மிஞ்சியது. அதுவும் ராட்டைக்கு வேண்டியிருந்தது.

இடம், இடம் என்று நான் புலம்பாத நாள் இல்லை. சோறு வடிக்கும்போது புலம்புவேன், துணியை மடிக்கும்போது புலம்புவேன். இன்னும் ஓர் அறை, ஒரே ஓர் அறை. சாமிக்கு விளக்கேற்றும்போது அவருடைய உடம்பைக் கேட்டுவிட்டு, கூடவே அறையையும் கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்டதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அவருக்குச் சர்க்கரையால் கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. கண் டாக்டரிடம் போனோம், லேசர் வைத்தார்கள். "எப்படி இருக்கு?" என்றால், "வேண்டிய அளவு தெரியுது," என்பார். நுனியை நுனியோடு சேர்க்கிற வேலைக்கு அது போதாது. அதனால் குழாயை இணைப்பதும் பிரிப்பதும் என் வேலையானது. முகமூடி போட்டு, கை கழுவி, மேசையை ஸ்பிரிட்டால் துடைத்து, இணைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துவேன். தண்ணீர் இறங்கி ஏற அரை மணி நேரமாவது ஆகும். காத்தாடி இல்லாத அந்தப் புழுக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்க வேண்டாம். வெளியே ராட்டையில் உட்கார்ந்து நூற்பேன். முடிந்ததும் "ஆச்சு" என்று அவர் குரல் வரும். மறுபடி கழுவி, உடுப்பு மாற்றி, உள்ளே போய்ப் பிரிப்பேன்.

வெளியே வந்த தண்ணீரைப் பார்ப்பதும் என் வேலைதான். பையை நாளிதழின் மேல் வைக்க வேண்டும். அடியில் உள்ள எழுத்து படிக்க முடிந்தால் நல்லது. கலங்கியிருந்தால் கிருமி என்று அர்த்தம், பையோடு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நாட்டில் நடந்த பாதிச் செய்திகளை நான் அந்த மஞ்சள் தண்ணீர் வழியாகத்தான் படித்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை எழுத்து தெளிவாகத் தெரிந்தது. ஆனால் எழுத்துக்கு மேலே ஏதோ மிதந்தது. பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளையாக, விரல்கணு நீளத்துக்கு ஓர் இழை. பக்கத்திலேயே இன்னொன்று, அதைவிடச் சிறியது. இழையில் லேசான நெளிவு இருந்தது. பருத்திக்கு அந்த நெளிவு வராது, தலைமுடிக்கு வராது. ஆட்டு ரோமத்துக்கு வரும். நுண்ணோக்கியில் வாழ்க்கையைக் கழித்த கண் இது, ரோமத்தைத் தொட்டுத் தொட்டுப் பழகிய கை இது. எனக்குத் தெரியாதா? என் கம்பளி அவர் வயிற்றுக்குள் போயிருந்தது. நான்தான் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

"தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"படிக்க முடியுது," என்றேன். அது பொய் இல்லை.

டயாலிசிஸ் பிரிவின் தொலைபேசியை வார இறுதியில் யாரும் எடுக்க மாட்டார்கள். அவசரப் பிரிவுக்குப் போகலாம். ஆனால் தண்ணீர் கலங்கவில்லை, அவருக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. போய் என்னவென்று சொல்வது? என் மனைவி நூற்கிற ஆட்டு முடி என் வயிற்றில் இருக்கிறது என்று அவரைச் சொல்லச் சொல்வதா? அன்று முழுக்க ராட்டையைத் தொடவில்லை. ஒவ்வொரு தடவையும் கை சிவக்கக் கழுவினேன். ஞாயிறு காலைப் பையில் மறுபடி இழை இருந்தது, முன்னைவிடப் பெரிதாக. எனக்குச் சோறு இறங்கவில்லை. குழாயை எடுத்துவிடுவார்கள் என்ற பயம். அதற்கு மேல் யோசிக்க மனம் மறுத்தது.

திங்கட்கிழமை அந்த நர்ஸிடம் பையைக் காட்டியே ஆக வேண்டும். கம்பளி இன்னும் வீட்டில் இருக்கிறதா என்று நிச்சயம் கேட்பார். இல்லை என்று நான் உண்மையாகச் சொல்ல வேண்டும். சொன்னால் ஒருவேளை குழாயை விட்டுவைப்பார்கள். இதுதான் என் கணக்கு.

திங்கள் காலைத் தண்ணீரை மாற்றியதும் அவர் படுத்துத் தூங்கிவிட்டார். படுக்கையறைக் கதவைச் சாத்தினேன். மூட்டைகளை லிஃப்டில் ஏற்றி இறக்கினேன். கீழே குப்பைக்கொட்டகைக்கு வெளியே போட்டுவிட்டு மறுபடி மேலே வருவேன். யாருக்காவது கொடுக்கலாமே என்ற எண்ணம் வரவில்லை. அவருடைய வயிற்றுக்குள் போனதை இன்னொரு வீட்டுக்கு எப்படிக் கொடுப்பது? மழை தூற ஆரம்பித்தது. கருப்பட்டி நிற ரோமம் இருந்த பை கொட்டகை முனையில் பட்டுக் கிழிந்து, ஈரத் தரையில் கொட்டியது. குனிந்து அள்ளப் போன கையை இழுத்துக்கொண்டேன். அழுதுகொண்டேதான் செய்தேன். யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

கீழ்மாடியில் குடியிருக்கும் மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், லிஃப்டில் ஏறினார். என் கையிலிருந்த மூட்டைகளைப் பார்த்து, "பிண்டா கா?" என்றார். வீடு மாறுகிறோமா என்று கேட்கிறார். எங்களுக்குப் பெரிய வீடு மேல் ஆசை என்று அவருக்குத் தெரியும். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் என் தோளைத் தொட்டு, கடவுளுக்கு நன்றி சொன்னார்.

அவரை எழுப்பாமல் பையோடு நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே நர்ஸ் பையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வீட்ல கம்பளி ஒண்ணுமில்ல இப்ப. எல்லாத்தையும் எடுத்துட்டேன்," என்றேன்.

"எதுக்குக்கா?"

"உள்ள போயிடுச்சே. இந்தா மெதக்குதே."

அவர் பையை இறக்கி என்னைப் பார்த்தார். "அக்கா, இது கம்பளி இல்ல. ஃபைப்ரின். அண்ணன் ஒடம்புலேர்ந்தே வர்றது. சில பேருக்கு அப்படித் திரிதிரியா வரும். சேந்துபோய்க் குழாய அடைச்சிக்காம இருக்க ஒரு மருந்து தர்றோம், பையில கலந்து விடுங்க. கொண்டாந்து காட்டுனது நல்லதாப் போச்சு."

"நல்லா பாருங்க மிஸ்ஸி. அந்த நெளிவப் பாருங்க."

"நான் தினமும் பாக்குறதுக்கா இது. அந்தக் குழாய்க்குள்ள கம்பளி எப்படிக்கா போவும்?" அவர் கேலி செய்யவில்லை. என் கைகளைத் திருப்பிப் பார்த்து, வெடித்திருந்த தோலுக்குக் களிம்பும் கொடுத்தார்.

வாடகைக் காடியில் திரும்பும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. குழாய் இருக்கும், அவர் இருப்பார். ரோமத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், நனைந்ததை அலசிக் காயவைத்தால் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஓட்டுநரைக் கொஞ்சம் வேகமாகப் போகச் சொன்னேன். குப்பைக்கொட்டகை காலியாக இருந்தது. லாரி வந்து போய்விட்டிருந்தது. தரையில் ஒட்டிக் கிடந்த கொஞ்சத்தை ஒரு வேலையாள் துடைப்பத்தால் வாய்க்காலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் லிஃப்டில் ஏறினேன்.

கதவைத் திறந்தால் அவர் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். மத்தியானத் தண்ணீருக்கு நேரமாகிவிட்டது என்று தானாக எழுந்து வந்திருக்கிறார். இடது கையை இடுப்புயரத்தில் நீட்டி, காற்றைத் தடவிக்கொண்டிருந்தார். ஓர் அடி முன்னால் வைத்தார், பிறகு அதைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"யாரு? நீயா?"

"நான்தான். என்னங்க பண்றீங்க?"

"இங்க இருந்ததெல்லாம் எங்க? எல்லாம் கொசோங்கா, காலியா இருக்கு."

"தூக்கிப் போட்டுட்டேன்." காரணத்தையும் சொன்னேன். இழையைச் சொன்னேன், நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். அவர் கையை இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப நான் எப்படி ரூமுக்குப் போறது?"

"நேராத்தான் இருக்கு. கதவு தெரியல?"

அவர் நீட்டிய கையை இறக்கினார். "வெளிச்சம் இருக்குன்னு தெரியுது. அவ்ளோதான். ரொம்ப நாளா அப்படித்தான்."

நான் நூற்பதற்கு ஒரு மூட்டையை வரிசையிலிருந்து உருவினால் அவர் எரிந்து விழுந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "அத எடுக்காத, அங்கயே இருக்கட்டும், மேலேர்ந்து எடு," என்பார். மனுஷனுக்கு என் ரோமத்தின் மேல் ஒரு வழியாகப் பிரியம் வந்துவிட்டது என்று நான் மக்சிக்கிடம்கூடப் பெருமையடித்திருக்கிறேன். அவர் அதைத் தடவித் தடவித்தான் அறைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ ராட்டைய விட்டுட்டு என் கையப் புடிச்சிக்கிட்டே திரிவே. வேணாம்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. என் மேல் வந்ததைவிட அவர் மேல்தான் அதிகம் வந்தது. கையைப் பிடிக்கப் போனேன், அவர் விலக்கினார். பிடித்துக் கூட்டிக்கொண்டு போவதெல்லாம் வேண்டாம், தானாகப் போக ஒரு வழி பண்ணு என்றார். வீட்டில் வேறு என்ன இருக்கிறது? சுவரோரம் இருந்த தண்ணீர்ப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துவந்து, மூட்டைகள் இருந்த இடத்தில் படுக்கையறை வாசலிலிருந்து வரிசையாக இரண்டிரண்டாக அடுக்கினேன். அவர் நின்ற இடத்திலேயே நின்று, நான் இழுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் அட்டை மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். "இது பரவால்ல. ஆடல," என்று சொல்லிவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு சின்ன அறைக்குப் போனார்.

ராட்டை இப்போது மூலையில் இருக்கிறது. ரோமம் வாங்கவில்லை. வாங்கினால் வைக்க இடம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. பெட்டிகளை நான் தினமும் அந்தக் கோடியிலிருந்து, சின்ன அறைப் பக்கத்திலிருந்துதான் எடுக்கிறேன். கிளம்புகிற இடத்திலாவது அவருக்குப் பிடி இருக்கட்டும் என்றுதான். மாதத் தொடக்கத்தில் வரிசை அறை வாசல்வரை இருக்கும், அவர் யாரையும் கேட்காமல் போய் வருவார். மாதக் கடைசியில் பெட்டிகள் கூடத்தின் பாதியிலேயே முடிந்துவிடும். கடைசிப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்று என்னைக் கூப்பிடுவார்.